தோற்காத ஒரே வீரர்: ஆஸ்திரேலிய ரூல்ஸ் டிராஃப்ட் விவாதம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

மழை எப்போது வரும், தேர்தலில் யார் வெல்வார், புதுமாப்பிள்ளை எப்படி நடந்துகொள்வார் என்பன பற்றியெல்லாம் முன்கூட்டியே தீர்ப்பு வழங்கும் துணிவு எல்லா நாட்டு மக்களுக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தென் மாநிலங்களில் இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பள்ளிச் சீருடையை இன்னும் கழற்றாத 17 வயது இளைஞர் ஒருவர் 27 வயதில் எப்படிக் கால்பந்து ஆடுவார் என்பதே அது. இந்த வினாவுக்கு விடை சொல்பவர்கள் ‘ஒருவேளை’ என்ற சொல்லைத் தீண்டுவதே இல்லை. இவரை விட்டால் அணிக்கு விமோசனம் இல்லை என்று ஒருவர் சொல்லி வாய் மூடுமுன், முதல் பத்து பேரில்கூட இவர் வரமாட்டார் என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார். இருவருமே அந்த இளைஞரின் ஆட்டத்தை மூன்று நிமிட வீடியோவில் பார்த்ததோடு சரி. அதனால் குரல் தாழ்ந்துவிடுவதில்லை. அறிவு குறையக் குறைய உறுதி கூடிக்கொண்டே போகும் இந்த அரிய நிகழ்வு, அதற்குரிய புலமைக் கவனத்தை இன்னும் பெறவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை. இதன் கருதுகோள் ஒன்றுதான்: அந்த விவாதத்துக்கும் அந்த இளைஞருக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பம், தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் ரசிகர், தானாவது வெல்லக்கூடிய ஒரு போட்டி வேண்டுமென்று அதை நடத்துகிறார், ஆகவே எந்தச் சான்றாலும் அது முடிவுக்கு வராது.

களமும் விதியும்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் என்பது முட்டைவடிவ மைதானத்தில், முட்டைவடிவப் பந்தைக் கையாலும் காலாலும் கடத்தி, அணிக்கு 18 பேர் வீதம் ஆடும் ஆட்டம். இதன் விதிகள் 1859-இல் மெல்பர்னில் எழுதப்பட்டன. நடுவில் நிற்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகள். குறி சற்றுத் தப்பி, அவற்றுக்கு இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறிய குறிக்கும் கூலி கொடுக்கும் ஆட்டம் இது என்பதை ஆய்வாளர் மனத்தில் இருத்த வேண்டும். இதன் ரசிகர்கள் தம் முன்கணிப்புகளுக்கும் அதே கருணையைக் காட்டிக்கொள்கிறார்கள். 1897-இல் விக்டோரிய லீக்காகத் தொடங்கி 1990-இல் ஏ.எஃப்.எல். என்று பெயர் மாறிய அமைப்பில் இன்று 18 கிளப்கள் இருக்கின்றன. பணமுள்ள கிளப்பே என்றும் வென்றுகொண்டிருக்கக் கூடாது என்பதற்காகச் சம்பள உச்சவரம்பும், 1986 முதல் தேசிய டிராஃப்டும் நடைமுறைக்கு வந்தன. டிராஃப்டின் அடிப்படை எளிது. புள்ளிப்பட்டியலில் கடைசியாக வந்த அணி நாட்டின் இளைஞர்களில் தனக்குப் பிடித்தவரை முதலில் எடுத்துக்கொள்ளும். கோப்பை வென்ற அணி வரிசையின் கடைசியில் போய் நிற்கும். பெயர் கொடுக்கும் இளைஞர் அந்த ஆண்டு முடிவதற்குள் 18 வயதை எட்ட வேண்டும். எந்த கிளப் வேண்டும் என்று அவரை யாரும் கேட்பதில்லை. நவம்பர் மாத இரவொன்றில் பெயர் வாசிக்கப்பட்டதும், மெல்பர்னில் வளர்ந்தவர் நாட்டின் மறுகரையிலுள்ள பெர்த்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் திறமையைச் சமமாகப் பங்கிடுவது. அது எந்த அளவுக்கு நிறைவேறியது என்பது வேறு ஆய்வுக்கு உரியது. பேச்சைப் பங்கிட்டதில் மட்டும் இது முழு வெற்றி பெற்றிருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில், மேலே உள்ள அணிகளின் ரசிகர்களுக்குப் பேச ஆட்டம் இருக்கும். யார் காயத்திலிருந்து மீள்வார், இறுதிச் சுற்றில் யாரைச் சந்திக்க நேரும் என்று அவர்கள் பேசிக்கொள்வார்கள். கீழே உள்ள அணியின் ரசிகருக்கு அதே ஆகஸ்டில் இருப்பது இன்னும் வராத ஓர் இளைஞர் மட்டுமே. இதிலிருந்து இவ்வாய்வின் முதல் விதி பிறக்கிறது: இளவீரரைப் பற்றிப் பேசப்படும் நேரம், பேசுபவரின் அணி அந்த ஆண்டு பெற்ற வெற்றிகளுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 2023-ஐ எடுத்துக்கொள்வோம். பெர்த்தைச் சேர்ந்த வெஸ்ட் கோஸ்ட் அணி அந்தப் பருவத்தில் 23 ஆட்டங்களில் மூன்றை மட்டும் வென்று கடைசி இடம் பிடித்தது. மூன்று வெற்றிகளைப் பேசித் தீர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரம் முழுவதையும், வடக்கு விக்டோரியாவில் டோங்காலா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹார்லி ரீட் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டின் முதல் தேர்வு அவர்தான் என்ற பேச்சு, அதற்கு முந்தைய ஆண்டே, அவருக்கு டிராஃப்டுக்கான வயதே வராதபோதே எழுந்துவிட்டது. முதல் தேர்வை வைத்துக்கொள்வதா, வேறு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று தேர்வுகளாக மாற்றிக்கொள்வதா? விக்டோரியப் பிள்ளை பெர்த்தில் தங்குவாரா, ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவாரா? இந்த வினாக்கள் அந்தப் பருவத்தின் இருபது தோல்விகளையும் ரசிகர்கள் கடந்துபோக உதவின. கிளப் கடைசியில் தேர்வைக் கைவிடாமல் ரீட்டையே எடுத்தது.

அளவைகளின்படி ஆய்வு

ஓர் அறிவு எவ்வழியில் கிடைத்தது என்று கேட்டு அதன் தரத்தைச் சோதிக்க நம் தருக்க நூலார் அளவைகளை வகுத்தார்கள். காட்சி, கருதல், ஒப்பு, உரை என்ற நான்கும் பலராலும் ஏற்கப்பட்டவை. மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து வரை எண்ணுவான். மெல்பர்ன் ரயிலில் அணியின் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ரசிகர் இவற்றைப் பாடம் கேட்டவர் அல்லர். ஆயினும் இவற்றில் ஒன்றையும் விட்டுவைக்காமல் பயன்படுத்துகிறார் என்பதை இனிக் காண்போம். முதலில் காட்சி. கண்ணால் கண்டதே மெய் என்பது இதன் துணிபு. ரசிகர் கண்டது, இளைஞரின் சிறந்த கணங்களைத் தொகுத்த வீடியோ. அதில் தவறவிட்ட பந்து ஒன்றும் இராது. எதிரணிக்குப் போய்ச் சேர்ந்த உதையும் இராது. எதிரே ஆடுபவர்களும் பள்ளி மாணவர்கள் என்பதால், உடல் முன்னதாகவே முற்றிய ஒருவர் மற்றவர்களைச் சோளக்கதிர்போலச் சாய்த்துக்கொண்டு போவதையும் அதில் காணலாம். இரண்டு ஆண்டு கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள் என்பது வீடியோவில் பதிவாவதில்லை. காட்சியின் குறை இதற்கு நேரெதிர்த் திசையிலும் உண்டு. ஹாதோர்ன் அணிக்குப் பின்னாளில் தலைமை ஏற்ற சாம் மிட்செல் ஆடியதை வல்லுநர்கள் நேரிலேயே பார்த்தார்கள். பார்த்தவர்கள் கண்ணில் பட்டது அவருடைய குறைந்த உயரமும் மெதுவான ஓட்டமும்தான். ஒரு டிராஃப்டில் எல்லா கிளப்களும் அவரைக் கடந்து போயின. அடுத்ததில், 2001-இல், 36-ஆவது தேர்வாக ஹாதோர்ன் அவரை எடுத்தது. நான்கு கோப்பைகளும் 2012-ஆம் ஆண்டின் பிரவுன்லோ பதக்கமும் பின்னால் வந்தன. பருவத்தின் சிறந்த வீரருக்குத் தரப்படும் உயரிய பதக்கம் அது.

அடுத்தது கருதல். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது இதற்கு நூல்கள் தரும் எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் அக்டோபரில் இளைஞர்களைக் கூட்டி உடல்திறன் சோதனை நடத்துகிறார்கள். 20 மீட்டர் விரைவோட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே எம்புதல், கம்பங்களுக்கிடையே வளைந்தோடுதல், 2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை அதில் அடங்கும். எண்கள் வெளியானதும் ரசிகரின் கருதல் தொடங்கிவிடுகிறது: 20 மீட்டரை மூன்று நொடிக்குள் கடந்துவிட்டார், ஆகவே கோப்பைக்கான கிராண்ட் ஃபைனலின் கடைசிக் கால்பகுதியில் ஆட்டத்தைத் திருப்பிவிடுவார். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிரியாத் தொடர்பு, இவ்விரண்டு கூற்றுக்கும் இடையே எங்கும் நிறுவப்படவில்லை. மைதானத்தில் எவரையும் 20 மீட்டர் தூரம் நேர்கோட்டில் ஓடவிட எதிரணி சம்மதிப்பதில்லை. பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு அரை நொடி முன்னதாகத் தெரிந்துகொள்ளும் திறமையை அளக்க, எந்தக் கடிகாரமும் சோதனைக் கூடத்தில் மாட்டப்படவில்லை. மருத்துவக் கருதலும் இவ்வாறே சறுக்கியது. 2006-இல் ஜோயல் செல்வுட் என்ற இளைஞரின் முழங்காலைப் பார்த்துப் பல கிளப்கள் தயங்கின. ஆறு பெயர்கள் வாசிக்கப்பட்ட பின்னர் ஏழாவதாக ஜீலாங் அவரை அழைத்தது. அந்த முழங்கால் 355 ஆட்டங்கள் ஓடியது; முதல் கோப்பை 2007-இல், நான்காவது கோப்பை 2022-இல். ஈண்டுப் புகை இருந்தது, நெருப்புதான் இல்லை.

மூன்றாவது ஒப்பு. காட்டுப்பசுவாகிய ஆமாவை அறியாதவருக்கு அது ஆவைப் போன்றது என்று சொல்லி அறிவிப்பது இதன் பயன். அறிந்ததைக் காட்டி அறியாததை விளக்கும் இந்த நல்ல கருவி, டிராஃப்ட் விவாதத்தில் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது. பெரிய வீரர் ஒருவர் ஓய்வு பெறுமுன்னே ‘அடுத்தவர்’ எங்கோ ஒரு சிற்றூரில் கண்டெடுக்கப்படுகிறார். நடுக்களத்திலிருந்து வெடித்துக் கிளம்பி ஓடினால் அடுத்த கிறிஸ் ஜட். மேலே விழுபவரை நீட்டிய கையால் தள்ளிவிட்டு ஓடினால் அடுத்த டஸ்டின் மார்ட்டின். ஹார்லி ரீட் இந்த இரண்டாவது ஒப்பைத் தம் பதின்பருவம் முழுக்கச் சுமந்தார். ஒப்பளவையை ஆராய்ந்ததில் இரண்டு ஒழுங்குகள் புலப்படுகின்றன. முதலாவது, இளைஞரைச் சாதாரண வீரர் எவரோடும் ஒப்பிடும் வழக்கம் இல்லை. நாற்பது ஆட்டங்கள் ஆடி, தோள்பட்டை விலகி, 24 வயதில் ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போன ஒருவரைப் போல இவரும் வருவார் என்று எந்த ரசிகரும் சொல்லத் துணிந்ததில்லை. டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படும் பலருக்கு வாய்ப்பது அதுதான் என்றபோதிலும். இரண்டாவது, எதிர்ப்பவரும் ஒப்பளவையையே கையாள்கிறார். அவர் எடுப்பது, முன்பொரு காலத்தில் இதே பீடிகையோடு வந்து ஏமாற்றிய வேறொருவரின் பெயர். ஆகவே இளைஞருக்குக் கிடைக்கும் இருக்கைகள் இரண்டே: அரியணை அல்லது குற்றவாளிக் கூண்டு. சாதாரண நாற்காலி எதுவும் போடப்படவில்லை.

நான்காவது உரை, அதாவது நம்பத்தக்கவரின் வாய்மொழி. உரை அளவையாக வேண்டுமானால், சொல்பவருக்குப் பொய் சொல்லும் தேவை இருக்கக் கூடாது. டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் இத்தகைய மனிதரை ஆஸ்திரேலியாவில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கிளப்களின் ஆள்தேடுநர்கள் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று பார்த்தவர்கள்; அறிந்தவர்கள் அவர்களே. அதனாலேயே அவர்கள் பேசுவதில்லை. பேசினால், வேண்டாத இளைஞரைப் புகழ்ந்தும் வேண்டியவரைப் பற்றிச் சாவதானமாக ஒரு வார்த்தை சொல்லியும் மற்ற கிளப்களைக் குழப்புவது அவர்கள் தொழிலுக்கு நன்மை. இளைஞரின் ஏஜென்டுக்கு அவரை உயர்த்திச் சொல்லும் தேவை உண்டு. செய்தியாளர்கள் வெளியிடும் மாதிரி டிராஃப்ட் பட்டியல்கள், இந்த இரு தரப்பும் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் கலந்து வடித்தவை. முதல் இரண்டு மூன்று பெயர்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். அதன் பிறகு யாராவது ஒரு கிளப் எதிர்பாராத பெயரை வாசிக்க, பட்டியலின் மீதிப் பகுதி முழுவதும் அடுக்கிய சீட்டுக்கட்டாகச் சரியும். சரிந்த பட்டியலைக் காட்டி ரசிகர் ஆள்தேடுநரைக் குறை சொல்வாரே தவிர, பட்டியலைக் குறை சொல்வதில்லை. அளவை என்று ஏற்றுக்கொண்ட பின் அதைச் சோதிப்பது மரபன்று போலும்.

ஐந்தாவதாக, சில நூலார் சொல்லும் இன்மை என்ற அளவைக்கு வருகிறோம். தரையில் குடம் காணப்படவில்லை, ஆகவே அங்கே குடம் இல்லை என்று அறிவது இன்மை. மேலே கண்ட நான்கும் வெளித்தோற்றத்துக்கு மட்டுமே. ரசிகர் உண்மையில் சார்ந்திருப்பது இந்த ஐந்தாவதைத்தான். அந்த இளைஞர் பெரிய ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டதாகப் பதிவு இல்லை. கடைசி நிமிடத்தில் எளிய குறியைக் கோட்டைவிட்டதாகப் பதிவு இல்லை. மெல்பர்னின் எம்.சி.ஜி. மைதானத்தில் பல்லாயிரம் பேர் முன்னிலையில் தன் அணி நூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்றபோது அவர் களத்தில் இருந்ததாகவும் பதிவு இல்லை. இல்லாமலிருக்கக் காரணம், அவர் அங்கே ஆடவே இல்லை என்பது. தருக்க நூலார் இங்கே ஒரு நிபந்தனை வைப்பார்கள்: இருந்தால் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்தில் தேடியும் தெரியாவிட்டால்தான் இன்மை செல்லும். கதவு பூட்டிய அறைக்குள் குடம் இல்லை என்று வெளியில் நின்றுகொண்டு சொல்வது செல்லாது. ரசிகர் இந்த நிபந்தனையைத் தெரிந்தே தவிர்க்கிறார். அவருடைய அணியின் மற்ற வீரர்கள் ஒவ்வொருவரும் அவர் கண் முன்னே பலமுறை தோற்றவர்கள். அணியோடு தொடர்புடையவர்களில் ஒரு தோல்வியிலும் பங்கு இல்லாதவர் இன்னும் வந்து சேராத இவர் ஒருவர்தான். அவர்மேல் வைக்கும் நம்பிக்கைக்குச் சான்று வேண்டியதில்லை. சான்று எதுவும் வராமல் இருந்தாலே போதும்.

இந்த இன்மையின் விலை சிலசமயம் மிக உயர்ந்துவிடுகிறது. 2009-இல் மெல்பர்ன் அணி நான்கே வெற்றிகளோடு கடைசியாக வந்தது. அன்றைய விதிப்படி, தொடர்ந்து மோசமாக ஆடிய கிளப்புக்கு உதவியாகக் கூடுதல் தேர்வு ஒன்று உண்டு. அதனால் அந்த ஆண்டின் முதல் இரண்டு தேர்வுகளும் மெல்பர்னுக்கே கிடைத்தன. அந்தப் பருவம் பின்னர் நீண்ட விசாரணைக்கு உள்ளாயிற்று. வேண்டுமென்றே தோற்றதாக நிறுவப்படவில்லை என்று முடிவாயிற்று. என்றாலும் 2013-இல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நம் ஆய்வுக்கு வேண்டியது விசாரணையின் முடிவைவிட, தோல்வியைச் சேமிப்பாகக் கருதும் மனநிலை அந்நாட்களில் ரசிகர்களிடையே வெளிப்படையாகவே நிலவியது என்ற செய்தி. அந்த இரண்டு தேர்வுகளில் டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ் ஆகிய இருவர் வந்தார்கள். ஸ்கல்லி இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு வேறு கிளப்புக்குப் போனார். டிரெங்கோவ் மிக இளம் வயதிலேயே தலைமைப் பொறுப்பைத் தாங்கிக் காயங்களோடும் போராட நேர்ந்தது. மூன்றாவது தேர்வு ரிச்மண்ட் அணியுடையது. அவர்கள் எடுத்தவர் டஸ்டின் மார்ட்டின். 2017, 2019, 2020 ஆகிய மூன்று கிராண்ட் ஃபைனல்களிலும் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே கிடைத்தது.

மறுப்பும் விடையும்

இனி மறுப்புகளுக்கு வருவோம். விவாதம் அறியாமையால் நடக்கிறது, போதிய செய்தி கிடைத்தால் தானே தீர்ந்துவிடும், ஆகவே கருதுகோள் மிகை என்று ஒருவர் சொல்லலாம். அற்றன்று. செய்தி முழுவதும் கிடைத்துவிட்ட ஒரு வழக்கு நம் கையில் இருக்கிறது. 2001 டிராஃப்டில் முதல் மூன்று தேர்வுகள் முறையே லூக் ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட். முதல் தேர்வைப் பெற ஹாதோர்ன் தன் வீரர்கள் இருவரை ஃப்ரீமாண்டிலுக்குக் கொடுத்திருந்தது. ஹாட்ஜா ஜட்டா என்ற வாதம் அந்த ஆண்டே தொடங்கிற்று. இப்போது மூவரும் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வோர் ஆட்டத்தின் ஒவ்வொரு உதையும் எண்ணிப் பதிவாகியிருக்கிறது. ஹாட்ஜுக்கு நான்கு கோப்பைகள், இரண்டு நார்ம் ஸ்மித் பதக்கங்கள். ஜட்டுக்கு 2006-இல் ஒரு கோப்பை, 2004-இலும் 2010-இலுமாக இரண்டு பிரவுன்லோ பதக்கங்கள். பாலுக்குக் காலிங்வுட் அணியோடு 2010-இல் ஒரு கோப்பை. வழக்கு முடிந்ததா? இல்லை. கோப்பையை எண்ணுபவர் ஹாட்ஜ் என்கிறார். பதக்கத்தை எண்ணுபவர் ஜட் என்கிறார். அந்த ஒரே டிராஃப்டிலிருந்து பிரவுன்லோ பெற்றவர்கள் 3, 8, 36, 40, 58 ஆகிய எண்களில் எடுக்கப்பட்டவர்கள், முதல் இரண்டு எண்களுக்கும் அது கிட்டவில்லை என்று சுட்டிக்காட்டி மூன்றாமவர் இருவரையும் வாயடைக்கப் பார்க்கிறார். இருபது ஆண்டுச் சான்று குவிந்த பிறகும் தீராத வழக்கு, மூன்று நிமிட வீடியோ நான்கு நிமிடமானால் தீரும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

முதல் தேர்வாக வருபவர்கள் பெரும்பாலும் நன்றாகத்தானே ஆடுகிறார்கள், அப்படியானால் முன்கணிப்பு பொய் என்று எப்படிச் சொல்லலாம் என்பது அடுத்த மறுப்பு. நியாயமான மறுப்பு, பகுதி ஏற்கத்தக்கது. 2000-இன் நிக் ரீவால்ட், 2001-இன் ஹாட்ஜ், 2018-இன் சாம் வால்ஷ் போன்றோர் எதிர்பார்ப்பைக் காப்பாற்றியவர்கள். நல்ல வீரரை நல்ல வீரர் என்று கண்டுகொள்ளும் திறமை ஆள்தேடுநர்களுக்கு நிச்சயம் உண்டு. ரசிகர்கள் வாதிடுவது அதைப் பற்றியா என்பதே கேள்வி. பத்து நல்ல இளைஞர்களில் எவர் ஒருபடி மேல் என்பதைப் பற்றியே அவர்கள் வாதிடுகிறார்கள். எவராலும் சொல்ல முடியாத பகுதி அதுதான். அதற்கும் கீழே இறங்கினால் நிலைமை இன்னும் தெளிவாகும். 1990-இல் 79-ஆவதாக எடுக்கப்பட்ட ஜேம்ஸ் ஹெர்டும், 2011-இல் 58-ஆவதாக எடுக்கப்பட்ட லாச்சி நீலும் பிரவுன்லோ வென்றவர்கள்; நீல் இருமுறை வென்றார். அவர்களைப் பற்றி டிராஃப்டுக்கு முன் மாதக்கணக்கில் எவரும் கட்சி கட்டி வாதிடவில்லை. வாதத்துக்கும் விளைவுக்கும் தொடர்பு இருந்திருந்தால் இவர்கள் இருவரும் வாதமின்றி விளைந்திருக்க முடியாது என்க.

யாரையும் புண்படுத்தாத பொழுதுபோக்கு இது, இதில் ஆய்வாளருக்கு என்ன குறை என்ற மூன்றாவது மறுப்பை மட்டும் அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. 2004 டிராஃப்டில் ரிச்மண்ட் நான்காவது தேர்வாக ரிச்சர்ட் டாம்ப்ளிங்கை எடுத்தது. அடுத்த பெயராக ஹாதோர்ன் லான்ஸ் ஃபிராங்க்ளினை வாசித்தது. ஃபிராங்க்ளின் 2008-இல் ஒரே பருவத்தில் 113 கோல்கள் அடித்தார். 2022-இல் தம் ஆயிரமாவது கோலை அடித்தபோது சிட்னி மைதானத்தில் கூட்டம் வேலி தாண்டி உள்ளே வெள்ளமாகப் பாய்ந்தது. டாம்ப்ளிங் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். அந்த நிலைவரை வருவதே பலருக்கு எட்டாத கனவு. ஆயினும் அவர் ஆடிய காலம் முழுதும் அவருடைய பெயர் இன்னொருவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்பட்டது. அவர் செய்த பிழை, நான்காவதாக அழைக்கப்பட்டது. அழைத்தவர்கள் வேறு யாரோ. 2013-இன் முதல் தேர்வான டாம் பாய்டின் கதையும் நினைக்கத்தக்கது. ஒரு பருவத்துக்குப் பின் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் பெரிய ஒப்பந்தத்தில் மாறினார். 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல்கள் அடித்து, 1954-க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் கோப்பைக்குத் துணை நின்றார். 2019-இல், 23 வயதில் ஓய்வு பெற்றார். மனநலத்தோடு தாம் நடத்திய போராட்டத்தைப் பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். அவர் வாங்கிய பணத்துக்கு ஏற்ப ஆடினாரா என்று இன்றும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் செலவுப் பக்கம் முழுவதும் கிளப் கொடுத்தது மட்டுமே எழுதப்படுகிறது. அவர் கொடுத்தது எழுதப்படுவதில்லை.

முடிவும் பரிந்துரையும்

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுபவை இவை. காட்சி, கருதல், ஒப்பு, உரை ஆகிய நான்கும் டிராஃப்ட் விவாதத்தில் பயன்படுத்தப்பட்டாலும் எதையும் முடிவு செய்வதில்லை. விவாதத்தைத் தாங்கி நிற்பது இன்மை ஒன்றே. தோல்வியைப் பதினெட்டு அணிகளுக்கும் சரியாகப் பங்கிட எந்த அமைப்பாலும் முடியாது; ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கடைசியில் வந்தே தீர வேண்டும். அந்தக் கடைசி இடத்தில் இருப்பவரும் அடுத்த மார்ச்சில் மறுபடி டிக்கெட் வாங்கி வர ஒரு காரணம் வேண்டும். 1986-இல் டிராஃப்டைக் கொண்டுவந்தவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தக் காரணத்தைச் சட்டமாக்கிவிட்டார்கள். எனவே விவாதத்தை நிறுத்தச் சொல்லும் எண்ணம் இவ்வாய்வுக்கு இல்லை. மூன்று வெற்றிகளோடு ஒரு பருவத்தைக் கழித்தவரிடமிருந்து அதையும் பறிப்பது கொடுமை. பரிந்துரை இரண்டே. முதலாவது, எவரைத் தேர்ந்தெடுத்தது சரி, எவரைத் தவறவிட்டது பிழை என்று வாதிடும்போது அந்தக் கடனைத் தேர்ந்தெடுத்த கிளப்பின் பெயரில் எழுதுங்கள். பெயர் வாசிக்கப்பட்டவரின் பெயரில் எழுதாதீர்கள். இரண்டாவது, அந்த இளைஞர் களமிறங்கி முதல் தோல்வியைச் சந்திக்கும் நாளில், உங்கள் மற்ற வீரர்களோடு அவரையும் சேர்த்துத் திட்டுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் அளவே கொடுங்கள். ஒரு பிடி கூடுதலாக வேண்டாம்.